யார் இந்த லின்னேயஸ் டிரைப்? 1858-ல் புதுக்கோட்டையைப் படம் பிடித்த ராணுவ கேப்டன்

விமானத்துல இருந்து எடுத்த படங்களை வைத்து, ஒரு ஊரின் கட்டடங்களை கம்ப்யூட்டரே தனியாகப் பிரித்து உயரத்தையும் கணக்கிடுகிறது. அதுக்கு ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த படங்கள் வேணும். இந்த இரட்டைப் பட முறையில் 1858-லேயே திருச்சியையும் தஞ்சாவூரையும் எடுத்து வைத்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். சின்ன வயசுலேயே கிழக்கிந்திய கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். கேமரா கைக்கு வந்தது பிறகுதான். 1855-ல் பர்மாவைப் படம் எடுத்தார். அடுத்த வருஷமே மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் வேலை கிடைத்தது.

1857 டிசம்பரில் பெங்களூரில் இருந்து கிளம்பினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று போன அந்தப் பயணத்தில் புதுக்கோட்டையும் உண்டு. அப்போது அது ராமச்சந்திர தொண்டைமான் ஆண்ட தனி சமஸ்தானம். புதுக்கோட்டைக்கென்றே தனி ஆல்பம் போட்டார் டிரைப். மெழுகு பூசிய பெரிய காகிதம்தான் அவருக்கு ஃபிலிம். நம்ம ஊர் வெயிலில் அதைக் கெடாமல் காப்பாற்றுவதே பெரிய பாடு! தஞ்சை பெரிய கோயில் கல்வெட்டை மட்டும் 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார்.

சரி, இரட்டைப் படத்தில் என்ன விசேஷம்? விரலை முகத்துக்கு நேராக நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்க. விரல் நகருகிற மாதிரி தெரியும். பக்கத்தில் இருப்பது அதிகம் நகரும், தூரத்தில் இருப்பது குறைவாக நகரும். டிரைப்பின் ஜோடிப் படங்களில் இந்தக் கணக்கைப் போட்டது பார்ப்பவரின் மூளை. இப்போது சாஃப்ட்வேர் போடுகிறது. மேலிருந்து பார்த்தால் தரையை விட மொட்டை மாடிதான் கேமராவுக்குப் பக்கம். அதனால் இரண்டு படங்களுக்கு நடுவே அது கூடுதலாக நகரும், அதிலிருந்து உயரம் கிடைக்கும். சிக்கல், தென்னையும் வேம்பும் கூட உயரம்தானே? நேர்கோடான விளிம்பு, இலையின் அகச்சிவப்பு ஒளி ஆகியவற்றை வைத்து மரங்களைக் கழிக்கிறார்கள். 2005-ல் இஸ்ரோ அனுப்பிய கார்டோசாட்-1 செயற்கைக்கோளில் இதற்காகவே இரண்டு கேமராக்கள் இருந்தன.

டிரைப்புக்கு அந்த வேலை நிலைக்கவில்லை. 1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி புகைப்படப் பிரிவையே மூட வைத்தார். அத்தோடு டிரைப் கேமராவை ஏறக்குறைய கீழே வைத்துவிட்டார். பல வருஷம் கழித்து பர்மாவில் சில படங்கள் எடுத்ததோடு சரி. 1902-ல் இறந்தார். அவர் எடுத்த தமிழ்நாட்டுப் படங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.