உடம்புக்குள்ளேயே கரையும் தையல்: ஜோசப் லிஸ்டர் என்ன செய்தார்?

உள்ளே போட்ட தையலைப் பிரிக்க வேண்டாம், தானாகவே கரைந்துவிடும் என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 160 வருஷத்துக்கு முன்னால் கதையே வேற.

அப்போது ரத்தக்குழாயைப் பட்டு நூலால் கட்டி, நூலின் முனையைக் காயத்துக்கு வெளியே நீளமாகத் தொங்க விடுவார்கள். கட்டிய இடம் அழுகி நூல் கழன்றதும் இழுத்து எடுப்பார்கள். சில சமயம் ரத்தக்குழாயும் சேர்ந்தே திறந்துகொள்ளும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நாள் கழித்து ரத்தம் கொட்டிச் செத்தவர்கள் உண்டு.

லிஸ்டர் 1827-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிருமிகள் பற்றி பாஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டு, 1865-ல் கிளாஸ்கோவில் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் வைத்தார். பையன் பிழைத்தான். கை, கால் துண்டித்த ஆபரேஷன்களில் அவருடைய கணக்கு இது: இந்த முறைக்கு முன் 35 பேரில் 16 பேர் இறப்பு, பிறகு 40 பேரில் 6 பேர். (சின்ன சாம்பிள்தான். அதை அவரே ஒப்புக்கொண்டார்.)

அடுத்த சிக்கல் நூல். கார்பாலிக்கில் நனைத்த பட்டால் கட்டி, முனையை ஒட்ட வெட்டி, காயத்தை மூடிப் பார்த்தார். அப்படிக் கட்டப்பட்ட ஒரு பெண் பல மாதம் கழித்து வேறு காரணத்தால் இறந்தபோது, உடலைத் திறந்து பார்த்தால் பட்டு மிச்சமிருந்தது. சுற்றிலும் கொஞ்சம் சீழ் போன்ற திரவம். பட்டு சரிப்படாது என்று முடிவு செய்தார்.

கேட்கட் அவர் கண்டுபிடித்தது இல்லை. பேரில் பூனை இருக்கே தவிர, அது ஆட்டுக் குடலில் திரித்த பழைய நூல். அதைக் கார்பாலிக்கில் ஊறவைத்து, 1868 கடைசியில் ஒரு கன்றுக்குட்டியின் கழுத்து ரத்தக்குழாயைக் கட்டினார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நூல் இருந்த இடத்தில் உயிருள்ள திசு வளர்ந்திருந்தது.

ஆனா காயம் ஆறுவதற்கு முன்பே நூல் இளகினால்? இதற்காகவே பல வருஷம் மெனக்கெட்டு, 1881-ல் குரோமிக் அமிலம் ஏற்றிய கேட்கட்டை விளக்கினார். அது கரைய அதிக நாள் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் கேட்கட்டையே அவர் கட்டிக்கொண்டு அழவில்லை. 1877-ல் லண்டனில், உடைந்த முழங்கால் சில்லை இணைக்க வெள்ளிக் கம்பியைத்தான் எடுத்தார். எலும்பு கூடும்வரை இறுக்கமாகப் பிடிக்க வேண்டுமே!

1912-ல் லிஸ்டர் இறந்தார். இன்று பல ஆபரேஷன்களில் கேட்கட்டின் இடத்தைச் செயற்கை நூல்கள் பிடித்துவிட்டன. நூலை எடுக்கும்முன் சர்ஜன் போடும் கணக்கு மட்டும் அதேதான்: இந்தத் திசு தன் பலத்தில் நிற்க எத்தனை நாள் ஆகும்?