திசை மாறிய கப்பலும் இரண்டு ஹிஜ்ரத்தும்



நாம் ஓர் ஊரை நினைத்துப் புறப்படுகிறோம். போய்ச் சேர்வது வேறோர் ஊராக இருக்கிறது. பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டதே என்று மனம் சோர்ந்துவிடுகிறது. அப்படிச் சோர்ந்திருப்பவர்களுக்கு ஹழ்ரத் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் வாழ்வில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

அவர்களின் இயற்பெயர் அப்துல்லாஹ் இப்னு கைஸ். யமனின் அஷ்அரீ கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள். நபி (ஸல்) அவர்கள் 622-இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த செய்தி யமனுக்கு எட்டியது. உடனே அபூமூஸா (ரலி) அவர்கள் தம் மூத்த சகோதரர்களான அபூபுர்தா, அபூருஹ்ம் ஆகியோருடனும், தம் கோத்திரத்தார் ஐம்பதுக்கும் மேற்பட்டோருடனும் கப்பலேறினார்கள்.

செங்கடலின் தென்வாசலுக்கு அரபுகள் வைத்த பெயர் பாபுல் மன்தப். அழுகையின் வாசல் என்று பொருள். அந்தக் கடல் எத்தனை வீடுகளை அழவைத்திருக்கும் என்பதை அந்தப் பெயரே சொல்லும். காற்றை நம்பியே பாய்மரம் விரித்த காலம். இவர்கள் ஏறிய கப்பல் நாடிய கரைக்குப் போகவில்லை. எதிர்க்கரையான ஹபஷாவில் இவர்களைக் கொண்டுபோய் எறிந்தது. அபூமூஸா (ரலி) அவர்களே அப்படித்தான் அறிவிக்கிறார்கள்.

ஆனால் சிந்தியுங்கள் சகோதரர்களே! எறியப்பட்ட கரையில் காத்திருந்தது நீதிமிக்க மன்னர் நஜ்ஜாஷியின் நிழல். அங்கே நபியவர்களின் பெரிய தந்தை மகன் ஜஅஃபர் (ரலி) அவர்களும் முஹாஜிர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். நபியவர்கள் எங்களை இங்கே தங்கச் சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் எங்களோடு தங்குங்கள் என்று ஜஅஃபர் (ரலி) கேட்டுக்கொண்டார்கள். மதீனா போயே தீருவோம் என்று இவர்கள் அடம்பிடிக்கவில்லை, பொறுமையோடு தங்கினார்கள்.

ஹிஜ்ரி 7-இல், அதாவது 628-இல், எல்லோரும் சேர்ந்து நபியவர்களிடம் வந்தபோது கைபர் அப்போதுதான் வெற்றிகொள்ளப்பட்டிருந்தது. அந்தப் போரில் கலந்துகொள்ளாத இந்தக் கப்பல்வாசிகளுக்கும் நபியவர்கள் கனீமத்தில் பங்கு கொடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய பங்கு ஒன்றும் கிடைத்தது. ஹிஜ்ரத்தில் நாங்களே உங்களை முந்திவிட்டோம் என்று உமர் (ரலி) அவர்கள், ஜஅஃபரின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். மனம் நொந்த அஸ்மா (ரலி) நபியவர்களிடம் முறையிட்டார்கள். உமருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பல்வாசிகளான உங்களுக்கோ இரண்டு ஹிஜ்ரத் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்கக் கப்பல்வாசிகள் கூட்டம் கூட்டமாக அஸ்மாவிடம் வந்தார்கள். அபூமூஸா (ரலி) திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். உலகில் வேறெதுவும் அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை.

கடலில் ஒன்றாய்த் தவித்த இந்த அஷ்அரீகள், உணவு குறைந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நபியவர்கள் அதைப் புகழ்ந்து, அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்றார்கள். அபூமூஸாவின் இனிய கிராஅத்தைத் தாவூத் நபியின் இசைக்கு ஒப்பிட்டார்கள். பின்னாளில் அவர்கள் பஸராவுக்கு ஆளுநரானார்கள். ஆளுநராக அனுப்பியவர் அதே உமர் (ரலி) அவர்கள்தாம்.

அன்பர்களே! நிய்யத் சரியாக இருந்தால், வழி மாறினாலும் கூலி குறையாது. நாடாத கரையில் நிற்கிறீர்களா? அங்கே உங்களோடு நிற்கும் நல்லவர்களைப் பற்றிக்கொள்ளுங்கள், பொறுமையோடு இருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையெல்லாம் நலமான கரையில் சேர்ப்பானாக! ஆமீன்.