மரக்காணம் உப்பளத்துல தண்ணி ஏன் சிவக்குது? பாசிகளுக்குப் பெயர் வைத்த எம்.ஓ.பி. ஐயங்காரின் கதை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்கு கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் ஜன்னல் வழியாகப் பார்ப்பது வெள்ளை உப்புக் குவியலைத்தான். பக்கத்துப் பாத்தியில் நிற்கிற தண்ணியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வெயில் ஏற ஏற, உப்பு முற்றுகிற பாத்திகளில் தண்ணி லேசாக ரோஸ் நிறம் தட்டும். சில நேரம் செங்கல் கரைத்த மாதிரியே ஆகிவிடும். யாரும் சாயம் கலக்கவில்லை. அழுக்கும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பண்ணுகிற வேலை அது.

இதில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, உப்பு இல்லாவிட்டால் செத்துப்போகிற ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகள். இன்னொன்று டுனாலியெல்லா என்ற பாசி. பாசி என்றால் பச்சை என்றுதான் நினைப்போம். இதுவும் பிறப்பால் பச்சைப் பாசிதான். உப்பும் வெயிலும் தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது, கேரட்டுக்கு நிறம் தருகிற அதே பீட்டா கரோட்டினை உடம்பு முழுக்கச் சேர்த்துக்கொண்டு சிவந்துவிடுகிறது. வெயிலுக்குக் குடை பிடிப்பது மாதிரி.

பிரான்சின் மோன்பெல்லியே உப்பளங்களில் மிஷேல் ஃபெலிக்ஸ் துனால் 1838-ல் இந்தச் சிவப்புப் பாசியைக் கவனித்தார். 1905-ல் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். வால்வோகேல்ஸ் என்ற பாசி வரிசையில் இதைச் சேர்த்தார்கள். தென்னிந்தியாவில் அந்த வரிசையை உட்கார்ந்து, பொறுமையாக, ஒவ்வொன்றாக ஆராய்ந்த மனிதர் ஒருவர் உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை என்று தாவரவியல் பாடப்புத்தகங்கள் சொல்கிற எம்.ஓ.பி. ஐயங்கார்தான் அவர். பாடப்புத்தகத்துக்கு வெளியே இந்தப் பெயர் வருவது அபூர்வம்.

யார் இவர்?

முழுப் பெயர் மண்டயம் ஒசூரி பார்த்தசாரதி ஐயங்கார். 1886 டிசம்பர் 15 அன்று சென்னையில் பிறந்தார். கணித மேதை ராமானுஜனுக்கு ஒரு வயது மூத்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து 1909-ல் எம்.ஏ. முடித்தார். கொஞ்ச காலம் சென்னை அருங்காட்சியகத்தில் வேலை, பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளர், அதன்பின் 1920-ல் படித்த மாநிலக் கல்லூரிக்கே தாவரவியல் பேராசிரியர். இதுவரை பார்த்தால், அந்தக் காலத்தில் நன்றாகப் படித்த ஒரு சென்னைக்காரரின் வழக்கமான உத்தியோகப் பாதைதான்.

அவர் எடுத்துக்கொண்ட பாடம்தான் வழக்கத்துக்கு மாறானது. தாவரவியல் என்றால் அப்போது மரம், மூலிகை, பயிர் என்றுதான் மதிப்பு. குளத்தில் வழுக்குகிற பாசியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்கலாம். ஒரு நன்மையும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் மரம் செடிகளை ஏற்கெனவே பட்டியல் போட்டுவிட்டார்கள். பாசி உலகம் ஏறக்குறைய திறக்காத கதவு. தென்னிந்தியாவின் கோயில் குளம், வயல் தேங்கல், மழைக் குட்டை எல்லாமே ஆய்வுக்கூடம்தான்.

1927-ல் பாம்பன் பக்கத்தில் இருக்கிற குருசடை தீவின் கடல் தாவரங்களைப் பற்றி அவர் எழுதியது சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் வந்தது. மன்னார் வளைகுடாவின் கடல்பாசி பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

லண்டன் போனதும், ஒரு பாசிக்குக் குருவின் பெயர் வைத்ததும்

அந்தக் காலத்தில் உலகப் பாசியியலின் பெரிய பெயர் எஃப்.இ. ஃப்ரிட்ச். லண்டனில் பேராசிரியர். இலங்கையின் பாசிகளைப் பற்றி 1907-லேயே எழுதியவர். ஐயங்கார் அவரிடம் போய் ஆய்வு செய்து 1930-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அப்போது வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. பேராசிரியர் ஆன பிறகு மறுபடி மாணவனாக உட்காருவது எல்லாருக்கும் வராது.

1932-ல் ஒரு புதுப் பாசியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். பெயர் ஃப்ரிட்சியெல்லா டியூபரோசா. குருவின் பெயர்தான். பெயரைவிட அந்தப் பாசி வாழ்கிற இடம் முக்கியம். குளம் வற்றும்போது கரையில் ஈரமண் இருக்குமே, அதில் வளர்கிறது. கீழே மண்ணுக்குள் வேர் மாதிரி இழைகளும் கிழங்கு மாதிரி திரண்ட பகுதியும், மேலே காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிற கிளைகளும் இருக்கும். மண் காய்ந்தால் கிழங்குப் பகுதி தாக்குப்பிடிக்கும். மழை வந்தால் மறுபடி துளிர்க்கும்.

இதில் என்ன அதிசயம்? தாவரங்கள் ஒரு காலத்தில் தண்ணிக்குள் மட்டும்தான் இருந்தன. நிலத்துக்கு எப்படி ஏறின என்பது உயிரியலின் பெரிய கேள்விகளில் ஒன்று. தண்ணிக்கும் தரைக்கும் நடுவில் வாழக் கற்றுக்கொண்ட பாசி ஒன்று, ஏரி குளம் வற்றுவதைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர் கையில் கிடைத்தது. நிலத் தாவரங்களின் நேரடி மூதாதை இந்தப் பாசி இல்லை என்று இன்றைய மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நிலத்தில் பிழைக்கத் தேவையான உடலமைப்பு எப்படி உருவாகலாம் என்பதற்கு உதாரணமாக இதைக் கல்லூரி மாணவர்கள் இப்போதும் படிக்கிறார்கள்.

கணிதக்காரர்களுக்கு இதில் என்ன வேலை?

வால்வாக்ஸ் என்ற பாசியைப் பார்த்தால் குட்டிப் பச்சைப் பந்து மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்து ஒரு கோளம். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன சாட்டைகளை அசைக்க, பந்து உருண்டுகொண்டே நீந்தும். இதன் தென்னிந்திய வகைகளைப் பற்றி ஐயங்கார் 1933-ல் விரிவாக எழுதினார். அதில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் நகரியென்சிஸ். நகரி என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. திருத்தணிக்கு அந்தப் பக்கம், இன்று ஆந்திராவில் இருக்கிற, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஊர்.

அந்தப் பெயர் எங்கே போய் நின்றது பாருங்கள். 2010-ல் வால்வாக்ஸின் முழு மரபணுத் தொகுதி சயின்ஸ் இதழில் வெளியானபோது, ஆராயப்பட்டது வால்வாக்ஸ் கார்ட்டரி நகரியென்சிஸ்தான். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மாதிரி ஜப்பானிலிருந்து வந்தது. ஆனால் பெயர் ஐயங்கார் வைத்தது. ஒற்றைச் செல் உறவினரான கிளாமிடோமோனாஸுக்கும் பல செல் கொண்ட வால்வாக்ஸுக்கும் மரபணு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டிலும் சுமார் 14,500 என்று அந்த ஆய்வு காட்டியது. ஒற்றை உயிர் பல செல் உடம்பாக மாற, புது மரபணுக்கள் மூட்டை மூட்டையாகத் தேவைப்படவில்லை.

இன்னொரு பக்கம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுக் கணிதத் துறையில் ரேமண்ட் கோல்ட்ஸ்டைன் குழு இதே வால்வாக்ஸை எடுத்துக்கொண்டது. இரண்டு பந்துகள் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று சுற்றி நடனம் ஆடுவது ஏன் என்று 2009-ல் திரவ இயக்கச் சமன்பாடுகளை வைத்து விளக்கினார்கள். வால்வாக்ஸ் கரு சட்டையைத் திருப்புகிற மாதிரி தன்னை உள்வெளியாகப் புரட்டிக்கொள்ளும். அதற்கும் 2015-ல் கணக்குப் போட்டார்கள். நுண்ணோக்கியும் பென்சிலும் வைத்து ஆரம்பித்த வேலை கணிதத் துறை வரை வந்துவிட்டது.

உப்பளத்துக்கு வருவோம்

கடல் தண்ணியில் உப்பு நூற்றுக்கு மூன்றரை பங்குதான். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிட்டு, அடர்த்தி 25 டிகிரியைத் தொடும்போதுதான் சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்னால் சுண்ணாம்பும் ஜிப்சமும் இறங்கிவிடும். ரொம்ப நேரம் விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். இந்தக் கணக்கு உப்பளத் தொழிலாளர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும்.

பாசியின் பங்கு இதில் சும்மா இல்லை. உப்பு குறைவான முதல் பாத்திகளில் பாசி விரிப்பு மாதிரி படர்ந்து தண்ணி மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கிறது. கடைசிப் பாத்தியில் சிவந்த தண்ணி வெயிலை அதிகம் உறிஞ்சி, சீக்கிரம் ஆவியாக உதவுகிறது. ஆனால் அளவு மீறினால் ஆபத்து. சில நீலப்பச்சைப் பாசிகள் கொழகொழவென்று பசை விட்டால், உப்பு மணி சரியாகக் கட்டாது. எந்தப் பாசி நல்லது, எது கெடுதல் என்று பிரிக்கத் தெரியாவிட்டால் நஷ்டம் பாத்தி வைத்திருக்கிறவருக்குத்தான். முதலில் பெயர் தெரிய வேண்டும். ஐயங்கார் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்தப் பெயர் வேலையைத்தான்.

வியாபாரமும் இதில் இருக்கிறது. டுனாலியெல்லாவின் உலர் எடையில் 10 சதவீதம் வரை பீட்டா கரோட்டின் கிடைக்கும். ஆஸ்திரேலியாவும் இஸ்ரேலும் 1980-கள் முதல் இதைப் பெரிய குளங்களில் வளர்த்து விற்கின்றன. மரக்காணம் உப்பளங்களிலிருந்து உப்பு விரும்பும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து ஆய்வுக் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. ஆனால் அதே பாத்தியில் கால் வெந்து நிற்கிறவருக்கு இன்னமும் உப்பு வாருகிற கூலி மட்டும்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அதுவும் நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கின.

அதே ஆண்டுதான் பக்கத்துக் கழுவேலி பறவைகள் சரணாலயத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அங்கே பறவைகள் வருவதற்கும் அடித்தளம் பாசிதான். பாசியைச் சின்ன உயிர்கள் தின்னும், அதை மீனும் பறவையும் தின்னும். தண்ணியின் தன்மை மாறினால் முதலில் மாறுவது பாசி. பறவை காணாமல் போகிற வரை காத்திருக்கத் தேவையில்லை, பாசியை அடையாளம் காணத் தெரிந்த ஆள் இருந்தால்.

பிற்காலம்

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்தவர் ஐயங்கார். 1944-ல் ஓய்வு பெற்ற பிறகும் நுண்ணோக்கியை விடவில்லை. அவர் மாணவர்களில் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி வெளியிட்ட சயனோபைட்டா என்ற பெரும் நூல் உலகமெங்கும் ஆய்வுக்கூட மேஜைகளில் இருக்கிறது. இந்தியப் பாசியியல் சங்கம் தொடங்கப்பட்டபோது முதல் தலைவராக ஐயங்காரைத்தான் வைத்தார்கள். 1963 டிசம்பர் 10 அன்று, 77-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலமானார்.

வால்வோகேல்ஸ் பற்றிய அவருடைய பெரிய நூல் அப்போது அச்சாகியிருக்கவில்லை. குருவும் மாணவருமாக இரண்டு பெயர்களோடு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வெளியீடாக அது வந்தது 1981-ல். ஐயங்கார் இறந்து 18 ஆண்டுகள் கழித்து.