காத்திருப்புக்குக் கணக்கு வகுத்த ஆசிரியர்

தமிழ் கற்பிக்கும் ஒருவன், தொலைபேசிக் கணிதம் வல்ல டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுவது வாசகர்களுக்கு வியப்பை அளிக்கலாம். சொல்லின் இலக்கணம் கற்றவனுக்குக் கம்பியின் இலக்கணத்தில் என்ன வேலை என்று வினவுவோரும் உளர். அவர்களுக்கு யான் கூறும் விடை இரண்டு. அவ்வறிஞர் என்னைப் போலவே பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளி ஆசிரியரின் மைந்தருமாவார். இஃது ஒன்று. என் இளமையில் எம் குடும்பத்துக்கு நேர்ந்த ஒரு துயரின் காரணத்தை நாற்பது ஆண்டுகளின் பின்னர் எனக்குத் தெளிவித்தவர் அவரே. இது மற்றொன்று.

பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றிலே யான் பிறந்தேன். லயங்களிலே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த அத்தோட்டத்துக்குத் தொலைபேசி ஒன்றே ஒன்று. அதுவும் தோட்டக் காரியாலயத்தில் துரையின் அறைக்கு அருகே இருந்தது. எனக்குப் பத்து வயது நடந்த காலத்தில் என் அப்பாயி நோயுற்று வைத்தியசாலையிற் கிடந்தார். ஒரு நாட்காலை அவர் நிலைமை மோசமாயிற்று. அருகிருந்த என் சிற்றப்பா தோட்டத்துக்கு அறிவிக்கத் தொலைபேசியை நாடினார். நாடிய போதெல்லாம் அவ்விணைப்பிலே வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தி எம்மை எட்டியபோது அந்திப்பொழுது. மலையிறங்கி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாயியின் முகத்தை மூடிவிட்டார்கள். என் தந்தையார் அன்றிரவெல்லாம் யாரையோ நொந்துகொண்டிருந்தார். யாரை நோவது என்பது அவருக்கும் தெரியவில்லை.

கொள்ளை நோய்க் காலமாகிய 2020, 2021ஆம் ஆண்டுகளிலே எம் மாணாக்கர் கைத்தொலைபேசி வழியாகப் பாடம் கேட்க வேண்டியவராயினர். அலை கிடைக்கும் இடந்தேடித் தோட்டத்துப் பிள்ளைகள் பாறைகளிலும் மேடுகளிலும் ஏறி நின்றனர். ஏறிய பின்னரும், பலர் ஒருங்கே பயன்படுத்தும் வேளைகளிற் பாடம் பாதியில் அறுந்தது. இதன் காரணம் யாதென, கணினி வலையமைப்புகளை ஆராயும் என் பழைய மாணாக்கர் ஒருவரை வினவினேன். அவர் எனக்கு விடையாகச் சொன்னது ஒரு பெயர்: ஆக்னர் கிராறுப் எர்லாங்.

எர்லாங் அவர்கள் 1878ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியிலுள்ள லோன்போர்க் என்னும் சிற்றூரிலே தோன்றினார். தந்தையார் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். கோயிற்பற்றின் எழுத்தராகவும் பணிபுரிந்தவர். தாயார் வழியிலே, திரிகோண கணிதத்தில் இன்றும் வழங்கும் கலைச்சொற்கள் சிலவற்றை 1583இல் முதன்முதல் ஆண்ட தோமஸ் ஃபிங்கே என்பாரின் மரபு அவரைச் சார்ந்தது. வீட்டில் தமையனாரும் அவரும் ஒரே புத்தகத்தைப் பகிர்ந்து படிப்பர். தமையனார் நேரே அமர, எர்லாங் எதிரே அமர்ந்து எழுத்துகளைத் தலைகீழாகவே படித்துப் பழகினாராம். ஒரு விளக்கையும் ஒரு புத்தகத்தையும் சூழ்ந்து நால்வர் படித்த எங்கள் லயத்து இரவுகளை அறிந்தோர்க்கு இச்செய்தி புதிதன்று. வானநூலில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. விண்மீன்களைப் பற்றிக் கவிதைகளும் இயற்றினார்.

பதினான்காம் வயதிலேயே, வயது போதாமையால் தனி அனுமதி பெற்று, கோபன்ஹேகன் சர்வகலாசாலையின் முதனிலைப் பரீட்சைக்குத் தோற்றிச் சிறப்புடன் தேறினார். பின்னர் இரண்டாண்டுகள் தந்தையாரின் பள்ளியில் உதவி ஆசிரியராயிருந்தார். 1896இற் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையிலே சித்தியெய்தி, உபகாரச் சம்பளம் பெற்றுக் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும் வானநூல், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் பயின்று 1901இற் பட்டம் பெற்றார். அதன்பின் ஏழாண்டுகள் பள்ளிகளிற் கற்பித்தார். கற்பித்த காலத்திலும் கற்பதை விட்டாரில்லை. ஹைகன்ஸ் என்னும் முன்னோரின் கணித முறைபற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு 1904இற் சர்வகலாசாலையின் பாராட்டுக் கிட்டியது. அதிகம் பேசாது பிறரை உற்றுநோக்கும் இயல்பினர் அவர். தனிமையை நாடுபவர் என்று பொருள்படும் பட்டப்பெயரால் நண்பர்கள் அவரை அழைத்தனர்.

டென்மார்க்குக் கணிதவியலாளர் சங்கக் கூட்டங்களிலே அவர் வாழ்வு திசை திரும்பியது. அங்கே யொஹான் யென்சன் என்பாரின் நட்புக் கிடைத்தது. தம் பெயரால் வழங்கும் சமனிலிக்காகக் கணித உலகு இன்றும் போற்றும் அவர், கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியின் பிரதம பொறியியலாளராவார். அவர் எர்லாங்கைக் கம்பனியின் நிருவாகி ஃபிரிட்ஸ் யொஹான்சனிடம் அறிமுகஞ் செய்துவைத்தார். 1908இல் எர்லாங் அக்கம்பனியின் ஆய்வாளராகவும் அதன் ஆய்வுகூடத்தின் தலைவராகவும் அமர்ந்தார். பள்ளியின் கரும்பலகையை விட்டுத் தொலைபேசி நிலையத்தின் பலகைமுன் போய் நின்றார் எனலாம்.

அந்நிலையத்திலே அவரை எதிர்நோக்கிய வினா யாது? ஊரில் ஆயிரக்கணக்கானோர் தொலைபேசி வைத்திருக்கின்றனர். யார் எப்போது அழைப்பார், எவ்வளவு நேரம் பேசுவார் என்பதை எவரும் அறியார். ஆயிரவர்க்கும் ஆயிரம் இணைப்புகள் போட்டு வைத்தாற் பொருள் வீணாகும். சிலவே போட்டாற் பலர் ஏமாறுவர். எத்தனை போட்டாற் போதும்? 1909இல் வெளிவந்த கட்டுரையிலே எர்லாங் இவ்வினாவுக்கு அடித்தளம் இட்டார். அழைப்போர் ஒருவரையொருவர் அறியாது, தத்தம் தேவைக்கேற்பத் தனித்தனியே அழைப்பாராயின், ஒருவரின் செயலை முன்னறிதல் இயலாதாயினும், அனைவரின் செயலும் சேர்ந்து புவாசோன் என்னும் பிரான்சு நாட்டறிஞர் கண்ட நிகழ்தகவு விதிக்கு அடங்கும் என்று காட்டினார். எந்தத் துளி எந்த ஓட்டில் விழும் என்பதை எவர் அறிவார்? ஆயினும் ஒரு நாழிகையில் முற்றத்துப் பானை எவ்வளவு நிறையும் என்பதை எம் பாட்டிமார் அறிந்திருந்தனரன்றோ?

1917இல் அவர் வெளியிட்ட கட்டுரை இதன் முடிமணி. நிலையத்தின் இணைப்புகள் இத்தனை, வரும் பேச்சின் அளவு இவ்வளவு எனத் தெரிந்தால், நூற்றில் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்பதை ஒரு வாய்பாடு கூறும். காத்திருப்போர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதை மற்றொன்று கூறும்.

மாணாக்கர் விளங்கிக்கொள்ளுமாறு ஓர் உதாரணம் காட்டுவேன். ஒரு மணி நேரத்தில், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் நீடிக்கும் 20 அழைப்புகள் வருகின்றன என்று கொள்வோம். மொத்தப் பேச்சு 60 நிமிடம். ஒரு மணிக்கும் 60 நிமிடம்தானே, ஆகையால் ஒரே இணைப்புப் போதும் என்று பள்ளிக் கணக்குச் சொல்லும். எர்லாங்கின் கணக்கோ, ஒரே இணைப்பாயின் அழைப்புகளிற் பாதி திரும்பிவிடும் என்கிறது. இணைப்பு இரண்டானால் நூற்றுக்கு 20 திரும்பும், மூன்றானால் 6, நான்கானால் ஏறத்தாழ ஒன்றரை. அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குபட வாரா. ஒருபொழுது மோதிக்கொள்ளும், ஒருபொழுது வெறுமை நிலவும். மோதலில் இழந்ததை வெறுமை ஈடுசெய்வதில்லை.

இன்னொரு நுட்பமும் இதிலுண்டு. இத்தகைய இரண்டு ஊர்கள் தனித்தனியே இரண்டு இணைப்புகள் வைத்திருப்பின் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 20 அழைப்புகள் திரும்பும். அவையிரண்டும் நான்கு இணைப்புகளையும் பொதுவில் வைத்துக்கொள்ளின், திரும்புவன நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. கம்பி ஒன்றும் கூடவில்லை. பகிர்ந்தமையே நட்டத்தைப் பாதியாக்கிற்று.

எர்லாங்கின் கட்டுரைகள் மிகச் சுருங்கியவை. சிலவிடத்து நிறுவலையும் கூறாது முடிபை மட்டும் தருவன. கீழைத்தேயக் கலாசாலையில் நன்னூல் கற்ற எனக்கு இதனைக் கேட்டபோது உவகை பிறந்தது. சில எழுத்தில் பல பொருளை அடக்குவதன்றோ நூற்பா? நூற்பாவுக்கு உரையாசிரியர் தோன்றியது போல, அவர் வாய்பாடுகளுக்கும் பிற்காலத்தார் விரிவுரை வகுத்தனர். அமெரிக்க நாட்டு ஆய்வாளர் ஒருவர் அவற்றை மூலத்திலேயே படிக்கும்பொருட்டு டேனிய மொழியைக் கற்றாராம். பிரித்தானிய அஞ்சல் துறையும் அவர் வாய்பாட்டை ஏற்றுக்கொண்டது.

அவர் மேசையோடு அமைந்துவிட்ட அறிஞரல்லர். நிலத்தடிக் கம்பிகளை அளந்தறியக் கோபன்ஹேகன் வீதிகளிலே, ஏணி சுமந்த தொழிலாளி ஒருவர் பின்தொடர, குழிகளில் இறங்கி ஏறுவார். மணம் புரிந்தாரில்லை. ஊதியத்தை நூல்கள் வாங்குவதிலும் வறியோர்க்கு உதவுவதிலும் செலவிட்டார்; உதவி நாடி ஆய்வுகூடத்துக்கே வந்தோர்க்குப் பிறர் அறியாது கொடுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நோய் என்று ஒரு நாளும் விடுப்பெடாது உழைத்தவர், 1929 சனவரியிலே சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலை புகுந்தார்; பெப்ரவரி 3ஆந் திகதி, ஐம்பத்தோராம் வயதில் இயற்கை எய்தினார். 1946இல், தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு எர்லாங் என்னும் பெயரையே சர்வதேச ஆலோசனைக் குழு சூட்டியது. மேலே யான் காட்டிய 60 நிமிடப் பேச்சு, ஒரு மணி நேரத்துக்கு ஓர் எர்லாங் ஆகும்.

அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளின் பின், 1969இல், இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் தொடங்கிற்று. செய்திகள் துண்டு துண்டாகப் பிரிந்து, சந்திகள்தோறும் வரிசையில் நின்று செல்லும் வலையமைப்பு அது. அதன் தாமதங்களை ஆராய்ந்த லெனாட் கிளைன்றொக் முதலியோர் எர்லாங் தொடக்கிய வரிசைக் கோட்பாட்டையே கையாண்டனர்.

ஆயினும் முன்னோர் மொழி எல்லாவிடத்தும் பொருந்துமென்று கொள்ளுதல் கூடாது. 1986இல் கலிபோர்னியாவிலே சில நூறு யார் இடைவெளியிலிருந்த இரு நிலையங்களிடையே நெரிசல் மிகுந்து, நொடிக்கு 32,000 பிற்று வேகத்திற் சென்ற செய்தி 40 பிற்றாகத் தேய்ந்தது. நெரிசல் கண்டவிடத்து ஒவ்வொரு கணினியும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஒழுங்கினை வான் ஜேக்கப்சன் 1988இல் வகுத்தளித்தார். பின்னர் 1990களில், பெல்கோர் ஆய்வுகூடத்தார் கணினிப் போக்குவரத்தை நுணுகி அளந்தபோது, அது தனித்தனித் துளியாக அன்றி, அலையலையாகத் திரண்டு வருவதைக் கண்டனர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். பெண்கள் தத்தமக்கு வேண்டியபோது கூடை சுமந்து வருவதில்லை. நிறுக்கும் நேரத்தில் எல்லாரும் ஒருங்கே வருவர். அவ்வரிசைக்குத் தனித்தனி அழைப்போரின் கணக்குச் செல்லாது. இதனால் எர்லாங்குக்கு இழுக்கில்லை. அழைப்போர் தனித்தனியே அழைப்பாராயின் என்று தம் எல்லையை முதலிலேயே வரையறுத்தவர் அவர்.

யான் அவரிடம் கற்றது இதுவே. ஓர் அழைப்புத் திரும்புவது விதியின் செயலன்று, அழைத்தவரின் தீவினையுமன்று. எத்தனை பேர் திரும்புவர் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். அத்தனை பேர் திரும்புதல் தகுமா என்பதைக் கணிதம் கூறாது. அதனை இணைப்புகளின் தொகையைத் தீர்மானிக்கும் மனிதரே கூறுகின்றனர். பெருநகரத்துக்கு நூற்றில் ஒன்றும், தோட்டத்துக்கு நூற்றில் ஐம்பதும் போதும் என்று எங்கோ ஓர் ஏட்டில் முடிவாகுமாயின், அம்முடிவு வாய்பாட்டின் குற்றமாகாது.

என் தந்தையார் இப்போது இல்லை. அன்றிரவு அவர் நொந்துகொண்டது யாரை என்பதற்கு இன்று என்னிடம் விடை உண்டு. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு கம்பி போதும் என்று எண்ணிய எண்ணத்தையே அவர் நொந்திருத்தல் வேண்டும். பாறைமேல் ஏறி நின்ற எம் பிள்ளைகளுக்கு நாம் இக்கணக்கைக் கற்பிப்போமாயின், நாளை தமக்கு எத்தனை இணைப்பு வேண்டுமென்று தொகையோடு கேட்க அவர்கள் அறிவார்கள். லோன்போர்க்கின் ஆசிரியருக்கு மலைநாட்டு ஆசிரியர் செய்யத்தக்க நன்றி அதுவே.