ஹெக்கல் கண்ட இலங்கைக் கடல்

கொழும்பின் வடபால் உள்ள கிராண்ட்பாஸிலே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. களனியாற்றைக் கடக்கும் பெருந்துறை என்னும் பொருளில் எழுந்த பெயர் அது. 1822ஆம் ஆண்டு தொடக்கம் இங்கே ஓடங்களை வரிசையாகப் பிணைத்து அமைத்த பாலம் ஒன்று இருந்தது. 1895இல் விக்டோரியாப் பாலம் எழுந்தபின் அது மறைந்தது. அவ்வோடப்பாலம் நிலவிய காலத்திலே, 1881 நவம்பரில், ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்து விஸ்ட் பங்களாவில் ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவர் வந்து தங்கினார். அவரே எர்ண்ஸ்ட் ஹெக்கல்.

அவர் சரிதத்தை எழுத என்னைத் தூண்டியவன் என் மாணாக்கன் ஒருவன். சித்திரத்தில் வல்லவன். விஞ்ஞானப் பிரிவிற் சேர்வதாயின் தூரிகையைத் துறக்கவேண்டும் என வீட்டார் கூறிவிட்டனராம். முகம் வாடி நின்றவனுக்கு, நன்னூல் கற்பிக்கும் நான் வேறென் சொல்வேன்? ஹெக்கலின் கதையைச் சொன்னேன்.

1834 பெப்ரவரி 16இல் பொட்ஸ்டாம் நகரிலே பிறந்தவர் ஹெக்கல். பெற்றோர் விருப்பத்துக்கு இணங்கி மருத்துவம் பயின்றார். மனம் அதில் ஒட்டவில்லை. 1859இல் இத்தாலிக்குச் சென்றவர், இஸ்கியாத் தீவிலே அல்மெர்ஸ் என்னும் கவிஞரின் நட்பைப் பெற்று, ஓவியனாகவே வாழ்ந்துவிடலாமோ என மயங்கினார். அந்த மயக்கத்தைத் தீர்த்தது மெசினாத் துறைமுகத்துக் கடல்நீர். அந்நீரில் மிதக்கும் ரேடியோலேரியா என்னும் தனிக்கல உயிர்கள் கண்ணுக்குப் புலனாகா. ஆரைபோல முள் பரந்திருத்தலின் ‘ஆரையுயிர்’ என நாம் பெயரிடலாம். சிலிக்காவினால் அவை கட்டும் கூடுகளின் நுட்பத்தைப் பொற்கொல்லரும் எட்டார். நூற்றுக்கு மேற்பட்ட புதிய இனங்களை அவர் அங்கே கண்டார். ஒரு கண் நுணுக்குக்காட்டியிலும் மறுகண் தாளிலுமாக இருந்து வரைய வல்லவர் என்பர். 1862இல் அந்நூல் வெளிவந்தது; ஓவியத்தை விடாமலே அவர் விஞ்ஞானியாயினார்.

முப்பதாம் பிறந்தநாளிலேயே மனைவி அன்னாவை இழந்தார். பின்னாளில் அழகிய சொறிமீன் ஒன்றுக்கு அவள் பெயரைச் சூட்டினார். துயரை வேலையில் அமிழ்த்தி 1866இல் வெளியிட்ட பெருநூலிலேதான், உயிர்களுக்கும் அவை வாழும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு, வீடு என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘இக்கொலொஜி’ எனப் பெயரிட்டார். நிலமும் பொழுதும் கருப்பொருளும் பிரியாதவை எனத் திணையிலக்கணம் படித்த நமக்கு அக்கருத்து அந்நியமன்று.

இலங்கையிலே வெலிகம வாடிவீட்டை ஆய்வுகூடமாக்கிக்கொண்டு ஆறு வாரமளவில் தங்கினார். அக்காலத்தில் பெல்லிகெம்ம என வழங்கிய அவ்வூர்ப் பெயரை, அழகிய மணி என இத்தாலிய மொழியிற் பொருள்படும்படி திரித்து மகிழ்ந்தார். சிலேடைப் பித்து புலவர்க்கு மட்டும் உரியதன்று போலும்! கடலுயிர் சேகரிக்க உறுதுணையாயிருந்தவன் உள்ளூர்ச் சிறுவன் ஒருவன். காலியின் முருகைக்கற்பாறைகளையும் கண்டு வியந்தார்.

1887இல் சலெஞ்சர் கப்பற் பயணத்தின் சேகரிப்பை ஆராய்ந்து 140 படங்களோடு அறிக்கை தந்தார். அதிற் புதிய ஆரையுயிரினங்கள் 3,500க்கு மேல். 1899 முதல் 1904 வரை ‘இயற்கையின் கலைவடிவங்கள்’ 100 படங்களாக வந்தது. அவர் வரைந்தவற்றைக் கல்லச்சிலே பதித்த அடொல்ப் கில்ட்ச் என்னும் கலைஞரின் பெயரை நாம் மறத்தல் கூடாது. 1900இல் பாரிஸ் கண்காட்சியின் பெருவாயிலை ரெனே பினே என்னும் சிற்பநூலறிஞர் ஆரையுயிரின் வடிவிலேயே அமைத்தார்.

குறையையும் கூறவேண்டும். 1868இல் நாய், கோழி, ஆமை ஆகியவற்றின் கருக்கள் ஒத்தவை எனக் காட்ட ஒரே அச்சுப்படத்தை மும்முறை பதித்தார். கண்டனம் எழுந்தபின் திருத்தினார். மனித இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்திய அவர் எழுத்து, நம் போன்றார் பொறுக்கத்தக்கதன்று. கண் கண்டதை வரைந்தபோது வழுவாத கை, கொள்கைக்காக வரைந்தபோது வழுவியது. இதையும் அம்மாணாக்கனுக்கு மறைக்கவில்லை.

1919 ஓகஸ்ட் 9இல் ஜேனா நகரிலே ஹெக்கல் காலமானார். புவி வெப்பமாதலை அவர் அறியார். ஆயினும் அவர் வரைந்த கூடுகளே இன்று அதற்குச் சான்றுரைக்கின்றன. ஆரையுயிர் மடிந்ததும் அதன் கூடு கடலடியில் வண்டலாய்ப் படிகிறது. வண்டலுக்கு எக்கல் என்றும் தமிழில் ஒரு பெயர். ஹெக்கலைத் தமிழ்ப்படுத்தினாலும் எக்கலே! இன்ன இனம் இன்ன வெம்மையுள்ள நீரில் வாழும் என அறிந்தால், படிவுகளைக்கொண்டு பண்டைக் கடலின் வெப்பத்தைக் கணிக்கலாம். இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில் எடுத்த படிவுகளில் இக்கூடுகளையும் ஆராய்ந்தே, பனியூழிகள் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களைத் தொடர்ந்தன என ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கில்டன் என்னும் மூவர் 1976இல் காட்டினர்.

முருகைக்கற்களின் நிலை வேறு. 1998இல் கடல் மிகச் சூடேறியபோது, தமக்கு நிறமும் உணவும் அளித்த நுண்பாசிகளை இழந்து, இலங்கைக் கரையோரத்தில் அவை பெருமளவில் வெளுத்து மடிந்தன.

என் மாணாக்கன் இப்பொழுது விஞ்ஞானப் பிரிவிலே பயில்கின்றான். சென்ற விடுமுறையிலே காலிக்குச் சென்று முருகைக்கல் ஒன்றை வரைந்து வந்தான். வெளுத்த கிளைகளுக்கு வண்ணம் தீட்டாது தாளின் வெண்மையாகவே விட்டிருந்தான். கீழே நாளையும் நீரின் வெப்பத்தையும் பென்சிலாற் குறித்திருந்தான்.