அணு எண் கண்ட மோஸ்லி

பழைய கட்டடங்கள் இடிக்கப்படும்போது எழும் தூசியில், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகள் கலந்திருக்கக்கூடும். அவை நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும் கல்நாரா, வேறு கனிமமா என்று அறிவது இன்றியமையாதது. எலக்ட்ரான் நுண்ணோக்கி இழையின் வடிவத்தைக் காட்டும். எலக்ட்ரான்கள் தாக்குவதால் இழையிலிருந்து வெளிப்படும் எக்ஸ் கதிர்கள், அதிலுள்ள தனிமங்களைக் காட்டிக்கொடுக்கும். அக்கதிர்களுக்கும் தனிமங்களுக்கும் உள்ள தொடர்பை விதியாக வகுத்தவர், 27 வயதிலேயே மறைந்த ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி.

இளமையும் கல்வியும்

மோஸ்லி 1887ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இங்கிலாந்தின் வேமத் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் சேலஞ்சர் கப்பலில் கடலாய்வுப் பயணம் மேற்கொண்ட உயிரியல் அறிஞர். மோஸ்லியின் குழந்தைப் பருவத்திலேயே அவர் காலமானார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு டிரினிட்டி கல்லூரியிலும் பயின்ற மோஸ்லி, 1910இல் மான்செஸ்டரில் ரூதர்போர்டின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

தனிமங்களின் வரிசை

அக்காலத்தில் தனிமங்கள் பெரும்பாலும் அணு நிறையின்படி வரிசைப்படுத்தப்பட்டன. கோபால்ட்டின் அணு நிறை நிக்கலைவிடச் சற்று மிகுதி. ஆயினும் வேதிப்பண்புகளின்படி கோபால்ட்டே முன்னிற்க வேண்டியிருந்தது. இம்முரண்பாட்டின் காரணம் விளங்காமலிருந்தது.

1913இல் மோஸ்லி, கால்சியம் முதல் துத்தநாகம் வரையிலான பல தனிமங்களை வெற்றிடக் குழாயில் வைத்து எலக்ட்ரான்களால் தாக்கினார். வெளிப்பட்ட எக்ஸ் கதிர்களைப் படிகத்தின் துணையால் பிரித்து, ஒளிப்படமாகப் பதிவுசெய்தார். வரிசையில் அடுத்தடுத்த தனிமத்திற்குச் செல்லச் செல்ல, அக்கதிர்களுடைய அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழச் சம அளவில் உயர்ந்தது. எனவே தனிமத்தின் இடத்தை உறுதிசெய்வது நிறையன்று, அணுக்கருவின் மின்னூட்டமே என்பது தெளிவாயிற்று. கோபால்ட் 27, நிக்கல் 28 என்பது ஐயமற நிலைபெற்றது. 43, 61, 75 ஆகிய எண்களுக்குரிய தனிமங்கள் இன்னும் அறியப்படவில்லை என்றும் மோஸ்லி காட்டினார். பின்னாளில் அவை மூன்றும் கண்டறியப்பட்டன.

1914இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஊர்பேன், பல்லாண்டுகள் உழைத்துப் பிரித்த அருமண் தனிமங்களுடன் ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். அவற்றில் அடங்கியிருந்தவற்றை மோஸ்லி சில நாள்களிலேயே கண்டுரைத்தார்.

போர்க்களத்தில் முடிந்த வாழ்வு

அவ்வாண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. ஆஸ்திரேலியாவில் அறிவியல் மாநாட்டிற்குச் சென்றிருந்த மோஸ்லி, நாடு திரும்பித் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். செய்தித்தொடர்பு அலுவலராகப் பணியாற்றிய அவர், 1915 ஆகஸ்ட் 10ஆம் நாள் துருக்கியின் கலிபோலியில் குண்டடிபட்டு உயிர்நீத்தார். தம் உடைமைகளையும் ஆய்வுக் கருவிகளையும் அறிவியல் ஆய்வுக்கென இராயல் கழகத்திற்கு எழுதிவைத்திருந்தார்.

இன்றைய பயன்

வெண்கல்நார், செப்பியோலைட் என்னும் களிமண் கனிமம் ஆகிய இரண்டும் மெல்லிய இழைகளாகத் தோன்றுபவை. இரண்டிலும் மக்னீசியமும் சிலிக்கானும் உண்டு. ஆனால் அவ்விரு தனிமங்களின் அணுக்கள் வெண்கல்நாரில் 3க்கு 2 என்னும் விகிதத்திலும், செப்பியோலைட்டில் 2க்கு 3 என்னும் விகிதத்திலும் அமைகின்றன. நீலக்கல்நாரிலோ இரும்பும் சோடியமும் மிகுதி. வடிவத்தோடும் படிக அமைப்போடும் இவ்வேறுபாட்டையும் சேர்த்தே ஆய்வாளர் முடிவு கூறுகின்றனர். தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் இம்முடிவுகளுக்கு மோஸ்லியின் விதி இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.