பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தொழுநோயால் உருக்குலைந்த கைகளையும் முகங்களையும் அறுவை மருத்துவத்தின் மூலம் சீரமைத்த முன்னோடி மருத்துவர் ஆவார். கொங்கு நாட்டின் கிழக்கு எல்லையிலுள்ள கொல்லிமலையில் பிறந்த இவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார்.

இளமை

இவருடைய பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் ஆகியோர் கொல்லிமலையில் பணிபுரிந்த ஆங்கிலேயச் சமயப் பணியாளர்கள். 1923 இல் படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929 இல் தந்தை மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். கட்டடத் தொழிலும் தச்சும் பயின்ற பின்னரே பிராண்ட் இலண்டனில் மருத்துவம் படித்தார்.

வேலூரில்

தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று 1946 இல் வேலூர் வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. நரம்புகள் பழுதுற்று வலியுணர்வு மறைவதால், தீப்புண்ணும் காயமும் கவனிக்கப்படாமல் முற்றுவதே காரணம் என்பதை பிராண்டும் உடன்பணியாளரும் எடுத்துக்காட்டினர். நலமான தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன விரல்களை இயங்கச் செய்தார்.

முகச் சீரமைப்பு

கை சீரானவர்கள் ஊர் திரும்பியும் வேலை பெறவில்லை. விரல்கள் நிமிர்ந்துவிட்டதால் பிச்சையும் குறைந்தது. நோய் குணமாகிப் பிறருக்குத் தொற்றாத நிலையிலும் முகம் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. எனவே முக அறுவையும் மறுவாழ்வின் பகுதியாயிற்று.

* மூக்கு: உள்தோல் சுருங்குவதால் மூக்கு அமுங்கிவிடுகிறது. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே கீறி உட்புறத்தை விடுவித்து, அங்கு மெல்லிய தோல் ஒட்டப்பட்டது. வெளியே தழும்பு தெரியாது.
* புருவம்: தலைத்தோலின் சிறு பகுதி, அதன் இரத்தக் குழாயுடன் நெற்றித் தோலுக்கு அடியில் புருவத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அது தலைமுடியைப் போலவே வளர்வதால் அவ்வப்போது வெட்டிக்கொள்ள வேண்டும்.
* கண்ணிமை: இமை மூடாவிட்டால் விழி உலர்ந்து பார்வை போகும். மெல்லும் தசையின் ஒரு பகுதி இமையுடன் இணைக்கப்பட்டது. பல்லைக் கடித்தால் கண் மூடும். இதற்கு அறுவைக்குப் பின் நீண்ட பயிற்சி தேவை.
* முகத்தோல்: நோய்த் தடிப்புகள் வடிந்தபின் தோல் தொய்ந்து, இளைஞரும் முதியவர் போலத் தோன்றுவர். மிகுதியான தோலை நீக்கி இறுக்கும் அறுவையும் தொழுநோய் மறுவாழ்வு மருத்துவத்தில் இடம்பெற்றது. இன்று அழகுக்காகச் செய்யப்படும் முகத்தோல் இறுக்கும் அறுவையும் இம்முறையைச் சேர்ந்ததே.

இவருடைய மனைவி மார்கரெட் பிராண்ட் தொழுநோயாளரின் கண் பாதிப்புகளில் தேர்ந்த மருத்துவர். அறுவை முடிந்தவர்கள் தொழில் கற்கும் பொருட்டு, வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பை பிராண்ட் அமைத்தார். அங்கு தச்சு கற்பிக்கப்பட்டது. உணர்வற்ற கைகளைக் காயமின்றிப் பயன்படுத்தவும் பழக்கப்பட்டனர்.

பிற்காலம்

1960 இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருது பெற்றார். 1966 இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வலியுணர்வு பற்றிய இவரது ஆய்வுகள், உணர்விழந்த நீரிழிவுப் பாதங்களைக் காக்கும் மருத்துவத்துக்கும் பயன்பட்டன. தாயார் எவலின் முதிய வயதிலும் மலைவாழ் மக்களிடையே பணியாற்றி 1974 இல் மறைந்தார். பிராண்ட் 2003 இல் சியாட்டிலில் காலமானார்.